மையத்திலிருந்து தம்பி வருகிறான், வீட்டில் என்ன செய்து வைப்பது?

4 பிப்ரவரி 2023, காலை

தம்பி மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து இன்றோடு 19 நாள். குடிநோய். இன்னும் 9 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு வயது 36, மனைவி இருக்கிறாள், 8 வயதில் ஒரு பெண். நான் அவனுக்கு அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறேன், அம்மா என்னோடு.

வீட்டை எப்படித் தயார் செய்து வைப்பது என்பதுதான் என் கேள்வி. நானும் தம்பி மனைவியும் இரண்டு நாளாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, கண்ணில் பட்ட பாட்டிலை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டோம். ஏடிஎம் அட்டை இனி அவள் கையில். அவனோடு சேர்ந்து குடிக்கிற இரண்டு பேருக்கும் நானே போன் போட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரவில் வாசல் கேட்டுக்குப் பூட்டு. முதல் மூன்று மாதம் ஆள் மாற்றி ஆள் கூடவே இருப்பது என்று முறை கூடப் போட்டுவிட்டோம். இது போதுமா, இன்னும் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் ஒருவரை மையத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மனசு வைத்தால் எவனும் விடலாம் என்ற பேச்சை ஆறு வருடமாகக் கேட்டாயிற்று, அது மட்டும் வேண்டாம்.

4 பிப்ரவரி, இரவு

மையம் எதற்கு, வீட்டிலேயே நிறுத்தியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறுத்திப் பார்த்தோம். போன ஆகஸ்டில் அவனே, நாளையிலிருந்து தொடவே மாட்டேன் என்றான், சொன்ன சொல்லையும் காப்பாற்றினான். முதல் நாள் சாயங்காலமே கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தான், அப்படியும் டம்ளர் விளிம்பு பல்லில் கடகடவென்று அடிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. விஷம் இறங்குகிறது, நல்லதுதான் என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே போய்விடக் கூடாதென்று அறைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். தாழ்ப்பாளைத் திறந்து போய்ப் பார்த்தால் வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம்.

வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகச் சொன்னார்கள். மது மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும், மூளையும் அதை எதிர்த்து முழு வேகத்தில் ஓடப் பழகியிருக்கும், அமுக்குகிற கையைச் சட்டென்று எடுத்தால் அந்த வேகம் அப்படியே தறிகெட்டு ஓடும் என்று டாக்டர் விளக்கினார். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் தாண்டி நான்காம் நாள் வரைக்கும் சித்தப்பிரமை போல ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்து அலறுகிற நிலை வரலாம். மூளையை அமைதிப்படுத்துகிற டயஸிபாம் வகை மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், அது இல்லாவிட்டால் ஞாபகசக்தியே போய்விடும் அளவுக்கு மூளை பாதிக்கலாம்.

இந்தத் தடவை முதல் வாரம் முழுக்க மையத்தில் இதைத்தான் செய்தார்கள். ஆகவே வீட்டிலேயே நிறுத்துகிறோம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். நான் போட்ட அந்தத் தாழ்ப்பாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

6 பிப்ரவரி

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அம்மா, கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நாலு வருடம் முன்னால் தெரிந்தவர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தார், மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். டைசல்ஃபிராம். தினமும் ஒன்றை நுணுக்கி அவன் சாப்பாட்டில் கலந்தேன். 12 நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்த 12 நாளும் அவன் குடிக்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. 13ஆம் நாள் வெளியே குடித்துவிட்டு வந்தான். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. வாந்தி. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிகிறது. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, அக்கா எனக்கு என்னமோ ஆகுது, செத்துருவேன் போல இருக்கு என்கிறான். ரத்த அழுத்தம் கீழே இறங்கிவிட்டது. அவசரப் பிரிவில் டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். தம்பி, ஒண்ணும் இல்லையே டாக்டர் என்றான். நான் வாயைத் திறக்க எத்தனை நேரம் ஆனதோ தெரியவில்லை, கடைசியில் சொன்னேன். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவன் என் வீட்டில் கை நனைக்கவில்லை. குடியும் கூடியது.

மாத்திரை மேல் தப்பில்லை. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடல்பூச்சி மருந்தாக ஆகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள், பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்திய பாட்டைக் கண்டுதான் இது இப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தது. மது உடம்பில் உடையும்போது நடுவில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும், அதை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் இந்த மாத்திரை தடுத்துவிடும், நச்சு தேங்கும். குடிக்கிறவர் தெரிந்து, சம்மதித்து, கல்லீரலும் இதயமும் சோதித்து டாக்டர் கொடுத்தால் சிலருக்கு நல்ல மருந்து, குடிக்கலாமா என்று மனசு தடுமாறும்போது காவலுக்கு நிற்கும். அப்போதும் இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம், ஷேவ் செய்தபின் தடவுகிற லோஷன் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

தம்பிக்கு இப்போது கொடுப்பது இது இல்லை, நால்ட்ரெக்ஸோன். குடிக்கும்போது கிடைக்கிற அந்தக் கிக்கையும், குடிக்கத் தவிக்கிற தவிப்பையும் குறைக்கும் என்றார்கள்.

7 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒரு வாரம் இல்லை, கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் வரைக்கும் மது தொடக் கூடாது. மையத்து நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு வாரம் என்று குறித்துக்கொண்டவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

10 பிப்ரவரி

இன்று குடும்பத்தாருக்கான வகுப்பு. என்னையும் தம்பி மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்களோடு இன்னும் ஐந்து குடும்பம். கவுன்சிலர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அவர் சேர்வதற்கு முந்தின மாதம் அவருக்காக நீங்கள் சொன்ன பொய்களை எழுதுங்கள் என்றார். அவர் சொன்ன பொய்யாக்கும் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். இல்லை, நாங்கள் சொன்னது.

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. அவன் ஆபீசுக்கு நான் போன் பண்ணி வயிற்றுப்போக்கு என்று சொன்னது 3 தடவை. கடன் கேட்டு வந்தவரிடம் ஊரில் இல்லை என்றது. அவன் பெண்ணின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு, அப்பாவுக்கு மீட்டிங் என்று அவளிடமே சொன்னது. மொத்தம் 11. தம்பி மனைவி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்து, அவரைக் கண்காணிக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டு அலமாரியில் இருமல் சிரப் பாட்டில் ஒன்று உண்டு, அவன் வந்து போகிற நாளில் அதில் மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பேன். போன பிறகு பார்ப்பேன். ஒரே பாட்டிலில் ஏழெட்டுக் கோடு, ஏணிப்படி மாதிரி. இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், பையனுக்காக வந்தவர், நான் பைக் பெட்ரோல் முள்ளைக் குறித்துவைப்பேன் என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோடு போட்டதால் அவர் ஒரு நாளாவது குடிக்காமல் இருந்தாரா என்று கேட்டார் கவுன்சிலர். யோசித்துப் பார்த்தேன். இல்லை. நான் இரண்டு வருடம் ஒழுங்காகத் தூங்கவில்லை, அதுதான் நடந்தது.

4ஆம் தேதி போட்ட அந்த முறை, பூட்டு எல்லாவற்றையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

13 பிப்ரவரி

வந்துவிட்டான். எட்டுக் கிலோ கூடியிருக்கிறான், கண் வெள்ளையாக இருக்கிறது. பையைக் கூட இறக்கி வைக்காமல் நேராகக் குளியலறைக்குப் போய் ஃப்ளஷ் தொட்டி மூடியைத் தூக்கினான். உள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குவார்ட்டர் பாட்டில். அப்புறம் மாடி மோட்டார் பெட்டிக்குப் பின்னால் ஒன்று. மகளின் பழைய பொம்மைப் பெட்டிக்கு அடியில் ஒன்று. மூன்றையும் மனைவி கையில் கொடுத்து, நீயே கொட்டிடு என்றான். அவள் தொட்டி முன்னால் நின்று கொட்டினாள், அந்த வாடைக்கு அவனுக்குக் குமட்டி வெளியே போய் நின்றுகொண்டான்.

நாங்கள் இரண்டு பேர் இரண்டு நாள் புரட்டிய வீடு இது. எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கேட்டுப் பூட்டை நானே கழற்றிவிட்டேன்.

20 பிப்ரவரி

குடியை நிறுத்தி 35 நாள். எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதத்தான் ஆசை.

தூக்கம் வருவதில்லை அவனுக்கு. மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் நடக்கிறான். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான், நேற்று மகள் டம்ளரைத் தட்டிவிட்டதற்குப் போட்ட கத்தலில் அவள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தம்பி மனைவி என்னிடம், குடிச்சா கூட இவ்வளவு கத்த மாட்டாரே என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதாள். டாக்டரிடம் கேட்டோம். நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், தூக்கமும் மனசும் சமநிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் கூட என்றார். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதுவே அடுத்த பழக்கமாகிவிடும் என்றும் சொன்னார்.

28 நாளில் சரியாகி வருவான் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். 28 நாளில் உடம்பு தெளியும், ஆள் யோசிக்கிற நிலைக்கு வருவார். சிகிச்சை 90 நாளுக்குக் குறைந்தால் பலன் குறைவு என்று அமெரிக்காவின் போதைப் பழக்க ஆய்வு நிறுவனமான நைடாவே சொல்கிறது. 90 நாளும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று இல்லை, வெளிநோயாளியாகப் போய்வருவதும் கணக்கில் வரும். எங்களுக்கு வாரம் ஒரு நாள் கவுன்சிலிங், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர்.

குழந்தை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நேற்று அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை, நான் கணக்குல மார்க் கம்மியா எடுத்ததுனாலதானே அப்பா குடிச்சாங்க என்று கேட்டாள். பின்னல் என் கையிலிருந்து நழுவிவிட்டது. எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்திருந்தாளோ. அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், நீ எதுவும் செய்து அது வரவில்லை, நீ ஏதாவது செய்து அதைச் சரிப்படுத்த வேண்டிய வேலையும் உனக்கு இல்லை, டாக்டர் பார்த்துக்கொள்கிறார் என்றேன். சரி என்றாள். அரை மணி கழித்து மறுபடி அதையே கேட்டாள். மறுபடி சொன்னேன். வீட்டில் குழந்தை இருந்தால் அது கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

21 பிப்ரவரி

கணவருக்கு மது இல்லை, ஹெராயின் என்று எழுதிய சகோதரிக்கு. எனக்கு மது பற்றித்தான் அனுபவம், ஆனால் மையத்தில் டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன ஒன்று உங்களுக்கு ரொம்ப முக்கியம். சில வாரம் நிறுத்தியவருடைய உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து, முன்னால் எடுத்த அதே அளவை ஒரு தடவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அதனால் மையத்திலிருந்து வந்த முதல் வாரங்கள்தான் ஆபத்தானவை. நலோக்சோன் என்று, ஹெராயினின் வேகத்தை முறிக்கிற மருந்து இருக்கிறது, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாகவும் வருகிறது, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரை இன்றைக்கே கேளுங்கள். அது கொடுத்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும், அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

15 மார்ச்

இரண்டு மாதம் ஆகிவிட்டது. தம்பி ஏஏ கூட்டத்துக்கு, அதாவது குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறான், வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு. அவன் வழக்கமாகக் குடிக்கப் போகிற நேரமும் அதுதான். போய் வந்தால் முகத்தில் ஒரு தெளிச்சி. 1935இல் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்று இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசியே குடியிலிருந்து விலகி நின்றதில் ஆரம்பித்தது அது. அங்கே ஒருத்தர் 22 வருஷமா குடிக்கலையாம் அக்கா, ஆனா இன்னிக்கு குடிக்கலைன்னு மட்டும்தான் சொல்றாரு என்று வியந்துகொண்டே வந்தான்.

குடும்பத்தாருக்கென்று இருப்பது அல்-அனான், பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் ஆரம்பித்தது. நானும் போனேன். இதை நீ வரவழைக்கவில்லை, உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று மூன்று வாக்கியம் அங்கே அடிக்கடி வரும். முதல் வாக்கியத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அன்றைக்குக் கோபத்தைத்தான் கிளப்பின. என்னால் ஒன்றுமே முடியாது என்றால் நான் எதற்கு இருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன்.

கைகழுவி விடுங்கள், தெருவுக்கு வந்தால் தானாகத் திருந்துவார் என்று இங்கே ஒருவர் எழுதியதையும் அந்தக் கோபத்தோடு சேர்த்துத்தான் படித்தேன். அவர் வீட்டில் என்ன பட்டாரோ, அதனால் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன், சொல்கிறேன். 1999இல் வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ், டோனிகன் மூவரும் 130 குடும்பத்தாரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறவரை எப்படி வரவைப்பது என்பது கேள்வி. எல்லோரும் கூடி உட்கார்ந்து நேருக்கு நேர் பேசுகிற முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். க்ராஃப்ட் என்று ஒரு முறை இருக்கிறது, குடிக்காத நேரத்தில் அவரோடு சேர்ந்து இருப்பது, குடித்திருக்கும்போது சண்டையில்லாமல் விலகிவிடுவது, குடியால் வந்த விளைவை நாம் துடைக்காமல் அவரையே பார்க்கவிடுவது, சரியான வேளை பார்த்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது என்று குடும்பத்தாருக்கே கற்றுக்கொடுப்பார்கள், அதில் 64 சதவீதம். அல்-அனான் வழியில் 13. அதற்காக அல்-அனானைத் தள்ளிவிட வேண்டாம், வீட்டாருக்கு நிம்மதி கிடைக்கத்தான் அது இருக்கிறது, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று ஏற்பட்டதே இல்லை. எனக்கே இப்போது வாரத்தில் நன்றாகத் தூங்குகிற நாள் அந்தக் கூட்டம் இருக்கிற நாள்தான்.

தம்பியை எப்படி மையத்துக்குச் சம்மதிக்க வைத்தோம் என்று கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. க்ராஃப்ட் என்ற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. ஜனவரியில் ஒரு நாள் அவன் ஆபீசிலிருந்து போன் வந்தபோது, குடித்திருக்கிறான், அதனால் வரவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னை என்னென்னவோ பேசினான். மறுநாள் காலை, தெளிந்திருந்தபோது, அவனே வந்து, எங்கே சேரணும்னு சொல்லு என்றான்.

29 மே

நேற்று முன்தினம் குடித்துவிட்டான். 131 நாளுக்குப் பிறகு.

இரவு எட்டு மணிக்குப் போன். அக்கா, குடிச்சிட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. என் வாயிலிருந்து முதலில் வந்தது, பாவி, 131 நாள் போச்சேடா என்பதுதான். அவன் போனை வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. அந்த நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்று எழுத முடியாது. கடைசியில் அவனுடைய ஏஏ ஸ்பான்ஸர், அங்கே அவனுக்குத் துணையாக இருக்கிற மூத்த உறுப்பினர், கூப்பிட்டார், அவர் வீட்டில் இருக்கிறான் என்று. என்னிடம் பேசிவிட்டு அவருக்குப் போன் பண்ணியிருக்கிறான்.

எப்படி நடந்தது என்று நேற்று அவனே சொன்னான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இரண்டு வாரம் முன்னாலேயே நால்ட்ரெக்ஸோனை நிறுத்திவிட்டான், எங்களிடம் சொல்லவில்லை. ஆபீசில் பதவி உயர்வு கிடைத்த ஒருவர் விருந்து வைத்தார். சண்டையோ கவலையோ வந்தால்தான் குடிப்பான் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம், வந்தது ஒரு சந்தோஷமான சாயங்காலத்தில்.

நேற்றே டாக்டரிடம் போய்விட்டோம். அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. எவ்வளவு, எங்கே, அதற்கு முன்னால் என்ன யோசித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரை மறுபடி ஆரம்பம், கவுன்சிலிங் வாரம் இரண்டு.

1 ஜூன்

போன குறிப்பில் நான் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுதியிருந்தார், உங்கள் தம்பிக்கு 131 நாள் எங்கேயும் போகவில்லை, 132ஆம் நாள் ஒன்று சறுக்கியது, அவ்வளவுதான் என்று. அவர் சொல்வது சரி. கவுன்சிலரும் இதையே வேறு மாதிரி சொன்னார். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980களில் எழுதியிருக்கிறாராம், ஒரு தடவை சறுக்குவதும் மறுபடி பழைய குடிக்கே போவதும் வேறு வேறு, நடுவில் தள்ளிவிடுவது எல்லாம் போச்சு, இனி என்ன என்கிற எண்ணம்தான் என்று. அந்த எண்ணத்தைத்தான் நான் போனில் அவன் காதில் போட்டிருக்கிறேன்.

சிகிச்சை முடித்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் திரும்பக் குடிக்கவோ போதை எடுக்கவோ செய்கிறார்கள், ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் மருந்தைத் தவறவிட்டுத் திரும்ப வருவதும் இதே அளவுக்கு இருக்கிறது என்று 2000இல் ஒரு மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறினால், போச்சு எல்லாம் போச்சு என்று நான் கத்தியதில்லை, டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீ எடுப்பேன்னு தெரிஞ்சுதான்கா முதல்ல உனக்குப் போட்டேன் என்றான்.

17 செப்டம்பர்

ரொம்ப நாள் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு: மே 27க்குப் பிறகு தொடவில்லை.

இன்றைக்குத் தம்பி மனைவியைப் பற்றி எழுத வேண்டும். எல்லோரும் அவனைத்தான் விசாரிக்கிறோம், இத்தனை குறிப்பில் நானும் அவளைப் பற்றி எழுதியது நாலு வரி இருக்குமா தெரியவில்லை. போன வாரம் அவன் ஒன்றரை மணி நேரம் லேட். வண்டி பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு அவள் முகத்துக்கு நேரே வந்து, மோந்து பாத்துக்க என்று வாயைத் திறந்து ஊதினான். கோபத்தில் செய்யவில்லை, அவள் நிம்மதியாகட்டும் என்றுதான் செய்தான். அவளுக்கோ அங்கேயே உட்கார்ந்து அப்படி ஒரு அழுகை. இன்னும் எத்தனை நாளைக்கு உங்க மூச்சை மோந்துக்கிட்டே இருப்பேன் என்று.

அவள் இத்தனை வருடமும் தாங்கியது எல்லாம் இப்போதுதான் வெளியே வருகிறது. அவன் குடித்துக்கொண்டிருந்தபோது அழ நேரமில்லை. வீட்டுக்காரர் திருந்திட்டாரே, இனிமே உனக்கென்ன குறை என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவளுக்குத் தனியாகக் கவுன்சிலிங் ஏற்பாடு செய்திருக்கிறோம், அந்த ஒரு மணி நேரம் குழந்தை என்னிடம். லேட்டாகும் என்றால் யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட்டுச் சொல்வது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஏடிஎம் அட்டையை அவளே திருப்பிக் கொடுக்கப் போனாள், இன்னும் ஆறு மாசம் உங்கிட்டயே இருக்கட்டும் என்று அவன்தான் வாங்கவில்லை.

11 ஜனவரி 2024

அண்ணன் அடுத்த வாரம் மையத்திலிருந்து வருகிறார், வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும் என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன பிப்ரவரியில் நான் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு நான் எழுதியதில் பாதியை இப்போது எழுத மாட்டேன்.

கண்ணில் படுகிற பாட்டிலை எடுத்துவிடுங்கள், சரி. மிச்சத்தை அண்ணன் வந்து எடுக்கட்டும், அவருக்குத்தான் இடம் தெரியும். அவர் வருவதற்கு முன்னால் அடுத்த டாக்டர் தேதி, அடுத்த கவுன்சிலிங் தேதி இரண்டையும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாள் ஓடிவிடும். வழக்கமாக எந்த நேரத்தில் குடிப்பாரோ அந்த நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும், கூட்டமோ நடையோ எதுவானாலும். சறுக்கினால் யாருக்கு முதல் போன், மறுநாள் எங்கே போவது என்பதை அவர் நல்ல நிலையில் இருக்கும்போதே அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்துவிடுங்கள். சறுக்குவார் என்று எதிர்பார்க்கிற மாதிரி ஆகிவிடாதா என்று தயங்குவீர்கள். நாங்களும் தயங்கினோம், அதனால்தான் மே மாதம் எனக்கு அந்த நாற்பது நிமிடம்.

மாத்திரையை நீங்கள் எண்ண வேண்டாம். அவர் சம்மதித்தால் காலையில் உங்கள் எதிரிலேயே போட்டுக்கொள்ளட்டும். தம்பி இப்போது மனைவி எதிரில் போட்டுக்கொண்டு, காலி அட்டையை அவளிடம் காட்டிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறான். அவனே சொன்ன ஏற்பாடு.

போன வாரம் தம்பி மகளுக்கு இருமல். டாக்டர் எழுதிய சிரப்பில் ஆல்கஹால் இருக்கிறதா என்று தம்பியே லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு, இல்லாத ஒன்றை மாற்றி வாங்கி வந்து கூடத்து மேஜை மேல் வைத்தான். பாட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா தம்பி? அதை நீங்கள் எழுதவில்லை. அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள்.